பாயில் உட்கார்ந்து எண்ணிய புடவைகள்

முதல் புடவையைத் தொட்டதும் அக்கா "லாபம்" என்பார். எண்ணும்போது ஒன்று என்று தொடங்குவதில்லை என்பது வியாபாரம் செய்யும் வீடுகளின் வழக்கம். அடுத்ததை எடுத்து நான் "ரெண்டு" என்பேன். மைசூரில் நான் வேலைக்குச் சேர்ந்த பட்டுக் கடையின் கிடங்கில், மாதக் கடைசியில் அங்கே எனக்கு மூத்தவரான அக்காவும் நானும் கதவைச் சாத்திவிட்டுப் பாய் விரித்து எதிரெதிரே உட்காருவோம். நடுவில் அவர் கொண்டுவந்த புளிச்சோறு, விற்பனைப் பெண்களைப் பற்றிய கேலி. எண்ணிக்கை தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. "உன்ற பேச்சுதான் அம்மிணி, கணக்கைத் தின்னுபோட்டுது" என்பார். பேசியது பெரும்பாலும் அவர்தான்.

அக்கா கொள்ளேகாலிலிருந்து தினமும் வந்துபோனவர். எண்ணும் நாளில் கடைசி பஸ்தான் கிடைக்கும். வீடு சேரும்போது மகள் தூங்கியிருப்பாள்.

புடவைகளில் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் மாட்டினால் பிரிக்காமலே ரேடியோ அலையில் எண்ணிவிடலாம். ஆனால் போட்ட பணம் திரும்புமா? அதைப் பார்த்து எழுதும் பொறுப்பை முதலாளி என்னிடம் தந்தார். அப்பாவும் அம்மாவும் கட்டட வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் பெயரில் ஓர் அறிக்கை என்பது சின்ன விஷயமில்லை. ஒரு பக்கம் டேக், அதைப் படிக்கும் ரீடர், மென்பொருள் என்று செலவு. மறுபக்கம் எண்ணுவதில் போகும் நேரம், கிடங்கில் கிடக்கும் புடவையையே இல்லை என்று சொல்லி இழக்கும் வியாபாரம். சோதித்தபோது கனமான ஜரிகைப் புடவைகள் மட்டும் ரீடரில் விழவில்லை. ஜரிகையின் உலோகம் அலையை மறித்தது. மடிப்புக்குள் இருந்த டேகை நூலில் கட்டி வெளியே தொங்கவிட்டேன். எல்லாம் வந்தன.

"என்ன எழுதப் போற?" என்றார் அக்கா.

"இன்னும் முடிவு பண்ணலக்கா."

"என்ற பஸ்ஸையும் உன்ற கணக்குல சேத்துக்க."

சிரிக்காமல் சொன்னார். டேக் வந்தால் பாய்க்கு வேலையில்லை என்று எனக்குத் தெரியும். அதை எழுத அறிக்கையில் இடம் கிடையாது. இடம் இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். வாங்கலாம் என்று எழுதினேன்.

அடுத்த மாதக் கடைசியில் அக்கா வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறினார். மகளுக்குப் பின்னிய ஜடையை மறுநாள் போனில் காட்டினார். கிடங்குக்கு ஒருவர் போதும் என்றானதும் கடையின் கொள்ளேகால் கிளைக்கு அவரே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டார். "இனி உன்ற பேச்சை யாரு கேப்பா?" என்று போகும்போது கேட்டார்.

போட்ட பணம் நான் சொன்ன காலத்துக்கு முன்பே திரும்பிவிட்டது. அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ரீடரைப் பிடித்துக்கொண்டு அலமாரிகளுக்கிடையே நடந்தால், தேநீர் ஆறுவதற்குள் எண்ணிக்கை முடிந்துவிடுகிறது. தவறுவதும் இல்லை, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதும் இல்லை. பாய் மூலையில் சுருட்டியபடி நிற்கிறது. பொத்தானை அழுத்துமுன் முதல் புடவையைத் தொட்டு "லாபம்" என்கிறேன். ரெண்டு சொல்லத்தான் ஆளில்லை.