அக்கா கேட்ட கருப்பு

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். கருப்புத் திரை, அதில் எழுத்துகள், கோடு போட்ட கட்டங்கள், அவ்வளவுதான். மவுஸே கிடையாது. மல்லாட்டைத் தோல் தூசியில் எந்த மவுஸ் பிழைக்கும்? இப்படி எழுத்தாலேயே திரை கட்டுவதற்கென்று ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முகம் தெரியாத புண்ணியவான்கள் எழுதி வைத்தது. கட்டம் கேட்டால் கட்டம், பட்டியல் கேட்டால் பட்டியல் வரைந்து கொடுக்கும். தமிழைக் காட்டினால் மட்டும் அதற்குக் கிறுக்குப் பிடிக்கும். கொம்பையும் துணைக்காலையும் தனித்தனி எழுத்தாக எண்ணி, கட்டத்தின் வலது கோட்டை எங்கேயோ தள்ளிவிடும். திட்டித் தீர்த்துவிட்டு எல்லாவற்றையும் ஆங்கில எழுத்திலேயே வைத்தேன்.

அங்கே பில் போட்டவர் ஒரு அக்கா. கூட்டேரிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். "தம்பி, எழுத்து வெள்ளையா இருக்கட்டும், பின்னாடி நல்லா கருப்பா வெச்சுக் குடுப்பா" என்று முதல் நாளே கேட்டுக்கொண்டார். மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி உட்காருவார். "என்னக்கா, கம்ப்யூட்டருக்கு முத்தம் குடுக்கறீங்களா?" என்று கேலி செய்வேன். "போப்பா, உனக்கு வேற வேல இல்ல" என்று சிரிப்பார். விரல்கள் தம் பாட்டுக்குப் பறக்கும். ஏன் கருப்பு என்று நான் கேட்டதில்லை. வாய் ஓயாமல் பேசுகிற எனக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவே இல்லை.

முதலாளி விழுப்புரத்தில் இரண்டாவது கடை திறந்தார். முதல் பில்லை அக்காதான் போட வேண்டும், ராசியான கை என்றார். வாழைமரம் கட்டி, பால் காய்ச்சி, கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. கற்பூரத் தட்டோடு வந்த முதலாளியின் மனைவி திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா, கருகருன்னு இன்னாங்க இது?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சார், மங்களகரமா மாத்துங்க. ஜல்தி. நல்ல நேரம் போய்க்கினு இருக்குது."

அந்த லைப்ரரியில் நிறத்துக்கென்று தனிக் கோப்பு உண்டு. இரண்டே வரி. பின்னணி மஞ்சள், எழுத்து சிவப்பு. திண்டிவனம் என்றிருந்த தலைப்பையும் விழுப்புரம் என்று மாற்றினேன். "அட, மஞ்சள் குங்குமம் மாதிரியே இருக்குதே!" என்றார் முதலாளியின் மனைவி. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அக்கா போய் உட்கார்ந்தார்.

கண்டாச்சிபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் விதை மல்லாட்டை இரண்டு மூட்டை கேட்டார். பில் இருபத்திரண்டு மூட்டைக்கு வந்தது. எல்லோரும் சிரித்தோம். அக்கா மறுபடி போட்டார். மறுபடியும் தப்பு.

"இன்னாமா பேஜாரு இது? ஸ்கிரீனப் பாத்துத்தானே அடிக்கிறீங்க? மேல இன்னா போட்டிருக்குது, படிங்க" என்றார் முதலாளி.

"திண்டிவனம்" என்றார் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. நான் பதறிப்போய் நிறத்தைப் பழையபடி மாற்றினேன். கருப்புத் திரையில் அவர் மேலிருந்து கீழ்வரை தடுமாறாமல் படித்தார். ஆனால் விஷயம் வெளியே வந்துவிட்டது. முதலாளி கெட்டவர் இல்லை. "கண்ணு சரியில்லாதவங்கள வெச்சுக்கினு எப்படி சார் பில்லு போடறது? நாளைக்கி ஒரு வம்புன்னா?" என்றார். புடவை, பழத்தட்டு வைத்து மரியாதையோடுதான் வேலையிலிருந்து அனுப்பினார்.

பை எடுக்க வந்தவரிடம், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"சொன்னா அன்னிக்கே அனுப்பியிருப்பாங்கப்பா. கருப்புல எழுத்து நிக்கும். மஞ்சள்ல கரைஞ்சு போவுது."

அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறமாட்டேன் என்கிறது. ஒரு நாள் பூசைக்காக அந்த மஞ்சளைப் போட்ட கை என்னுடையது.

போன வாரம் கூட்டேரிப்பட்டு பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். "அக்கா" என்று கூப்பிட்ட பிறகுதான் என்னைத் தெரிந்துகொண்டார். நலம் விசாரித்தார். பிறகு அவராகவே கேட்டார்:

"அங்க ஸ்கிரீனு இப்ப இன்னா கலருப்பா?"

"கருப்புதான்கா. ரெண்டு கடையிலயும் கருப்பாவே வெச்சுட்டேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகக்கூட.

அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இப்ப யாருக்குப்பா அது?"