மீன் போட்ட பிள்ளையார்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் இலுப்பூரில் அறிவியல் வாத்தியார். என் மைத்துனர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தார். ஒருமுறை வந்தபோது, அங்கே கிடந்ததென்று உள்ளங்கையளவு கல் ஒன்றைத் தன் தங்கைக்குக் கொண்டுவந்தார். உருண்ட வயிறு, மேலே சுருண்ட நுனி. என் மனைவி பார்த்த மாத்திரத்தில் பிள்ளையார் என்று முடிவுகட்டி, சந்தனம் பூசிச் சாமிமாடத்தில் வைத்துவிட்டாள். தினமும் கல்லுக்குப் பூ வைத்த பிறகுதான் எனக்குக் காப்பி. நான் முணுமுணுத்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பித்த என் நண்பர் ஒருநாள் மதியம் சாப்பிட வந்தார். கை கழுவப் போனவர் மாடத்தைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு என்னைத் தனியே அழைத்து, அது மீன் போட்ட சாணி என்றார். அரியலூர்ப் பக்கம் கடலாக இருந்த காலத்தில் சுறா போன்ற ஏதோ ஒன்று போட்டது. அவற்றின் குடல் திருகலானது, அதனால் சாணியும் சுருளாக விழும். சேற்றில் புதைந்து கல்லாகிவிட்டது. அறுத்துப் பார்த்தால் அந்த மீன் என்ன தின்றதென்று தெரியுமாம்.

எனக்கு ஆசை பற்றிக்கொண்டது. ஆனால் இவளிடம் யார் சொல்வது? மென்று முழுங்கி நானே சொன்னேன்.

"சாணிதானே?" என்றாள். "களத்துல நெல்லுப் பொலி மேல சாணியிலதானே பிள்ளையார் பிடிச்சு வைக்கிறோம். மாடு போட்டா என்ன, மீனு போட்டா என்ன?"

அறுக்க வேண்டும் என்றதும் முகம் வாடிவிட்டது. கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நண்பர் பாவம், மோர் கூட வேண்டாமென்று எழுந்துவிட்டார். எனக்குக் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவளே அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"சதுர்த்திப் பிள்ளையாரையும் ஊரணியில போடத்தானே செய்றோம். கொண்டு போங்கண்ணே. பாதியாச்சும் எனக்குத் திருப்பித் தந்துருங்க."

சில வாரம் கழித்து, வழவழப்பாகத் தேய்த்த பாதியோடும் ஒரு லென்சோடும் நண்பர் வந்தார். நான் கை நீட்டுவதற்குள் இரண்டும் அவளிடம் போய்விட்டன. உள்ளே மீன் செதில்கள், பொடிப்பொடியாக எலும்பு. எனக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் அவள் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றேன். மனசு நிறைவாக இருந்தது.

"எந்தக் காலமோ," என்றாள் கண்ணிலிருந்து லென்சை எடுக்காமலே. "அன்னைக்கி அதுக்கு வயிறு நெறஞ்சிருக்குங்க."