ஹம்ஸாக்கா தோண்டிய குழி

கரிம்பாறைச் சரிவு என்ற ஊரிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், ரப்பர் வெட்டும் சுகுமாரனின் மகன் ரிஜேஷ். கோழிக்கோட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து கடைத்தெருவே அவனை ‘சாரே’ என்று கூப்பிடத் தொடங்கியது. அதைக் கேட்கும்போதெல்லாம் சுகுமாரனின் முகம் மலர்ந்துவிடும். ஊரார் அண்ணன் முறையில் ‘இக்கா’ என்று கூப்பிடும் மின்வேலைக்காரர் ஹம்ஸா மட்டும் பழையபடி ‘டா’தான்.

“நிக்கர்ல பட்டன் இல்லாம நீ ஓடினத பாத்தவன்டா நான். என்னால சார்னு கூப்பிட முடியாது.”

ரிஜேஷுக்கும் அது பிடித்திருந்தது.

ஊரில் ஒரு பாலியேட்டிவ் குழு உண்டு. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப்போய்ப் பார்க்கிறவர்கள். மொத்தம் நாற்பத்து மூன்று வீடுகள். யாருக்கு எந்த மருந்து, யாருடைய புண்ணுக்கு எப்போது கட்டு மாற்ற வேண்டும், எந்த வலி எந்த மாத்திரைக்குக் கேட்கவில்லை என்பதெல்லாம், எல்லோரும் அக்கா முறையில் ‘இத்தா’ என்று கூப்பிடும் நர்ஸ் ஸுலைகாவின் மூன்று நோட்டுப் புத்தகங்களில் இருந்தது. அவற்றைப் பார்த்து ரிஜேஷ் சிரித்தான்.

“இத்தா, இத மியூசியத்துல வைக்கலாம்.”

“வைக்கலாம். நீ டிக்கெட் கிழிக்க வந்துடு.”

அந்த விவரங்களைப் போனிலேயே எழுதவும் பார்க்கவும் ஒரு செயலியை அவனே எழுதினான். சந்தா கட்டி வெளியார் சர்வரில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது மறுத்தான். நம் ஆட்களின் நோய் விவரம் எங்கோ முகம் தெரியாதவர்களின் இயந்திரத்தில் கிடக்க வேண்டாம், நம் அலமாரியிலேயே இருக்கட்டும் என்றான். குழுவின் கமிட்டிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. பழைய கணினி ஒன்றைச் சர்வராக்கி, குழுவின் கிளினிக்கில் மருந்து அலமாரிக்கு மேலே ஏற்றினார்கள். அதற்குத் தனி வயர் இழுத்து, இடி விழுந்தால் மண்ணுக்குள் இறங்கிப்போக எர்த் போட்டு, மின்சாரம் போனாலும் அணையாதபடி பேட்டரியும் வைத்துக் கொடுத்தார் ஹம்ஸா. எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும், நோட்டுகள் பிறர் கையில் சிக்கக் கூடாது என்று ரிஜேஷே அவற்றைப் பின்கட்டில் போட்டுக் கொளுத்தினான்.

அதற்கு முன், அந்தச் சர்வரை அமைக்க அவனுக்கு மூன்று வாரம் பிடித்திருந்தது. சோதனை செய்யும் நாட்களில் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். நிறுத்தும் கட்டளையின் வாலில் ஒரு குறியைச் சேர்த்தால், நிரலோடு சேர்ந்து அதன் சேமிப்பும் அழிந்துவிடும். நாளுக்கு இருபது முறை அடித்து அடித்து அது விரலில் ஊறிப்போயிருந்தது.

ஐப்பசியில், துலாம் மாதத்து இடிமழைக் காலத்தில், ஒரு சனிக்கிழமை மதியம், நிரலின் புதிய பதிப்பை ஏற்றுவதற்காகச் சர்வரை நிறுத்தினான். பழக்கத்தில் அந்தக் குறியையும் சேர்த்தே கட்டளையை அடித்தது கை; மனம் கோழிக்கோட்டு வேலையில் இருந்தது. மறுபடி ஓடவிட்டுத் திறந்தால், ‘முதல் நிர்வாகியின் பெயரைப் பதிவு செய்க’ என்று திரை கேட்டது.

நாற்பத்து மூன்று வீட்டு விவரமும் போயிருந்தது; நகல்களைத் தேடினான். தினமும் நகல் எடுக்கும்படி அவன்தான் வைத்திருந்தான். ‘நகல் எடுக்கப்பட்டது’ என்ற செய்தியும் தினமும் தவறாமல் வந்தது. அந்த நகல்கள் எங்கே போய் விழுகின்றன என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஒன்றையாவது திரும்ப ஏற்றிச் சோதித்ததுமில்லை. அவையும் அதே சேமிப்புக்குள்தான் இருந்தன. அதோடு போயின.

ஸுலைகா ஏதோ ஒரு வீட்டு வாசலிலிருந்து போனில் அழைத்தாள்.

“ரிஜேஷே, ஒண்ணுமே காணலியே. இவருக்கு மாத்திரை கூட்டினது என்னிக்குன்னு பாக்கணும்.”

“நேத்து இடி இடிச்சதுல்ல இத்தா. மெஷின் அடி வாங்கிருச்சுபோல.”

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாயில் வந்தது, சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை மாலை இடி இடித்தது உண்மை. அன்று சர்வர் ஒரு நொடிகூட அணையவில்லை என்பதும் உண்மை.

அன்று மாலைக் கூட்டத்தில் யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. செயலாளர் ஹம்ஸாவைத்தான் பார்த்தார்.

“எர்த் ஒழுங்கா போட்டீங்களா ஹம்ஸாக்கா? நாலு வீட்டு வேலைக்கு நடுவுல போட்டதாச்சே.”

ஹம்ஸா பால் சேர்க்காத கட்டன் சாயாவைக் கீழே வைத்தார். “போட்டேன்னுதான் நெனச்சேன்” என்றார். ரிஜேஷ் தன் கோப்பையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்க எத்தனையோ முறை இடம் கிடைத்தது.

மறுநாள் காலை அவன் கிளினிக்குக்குப் போனபோது, பின்கட்டில் ஹம்ஸா இடுப்பளவு குழிக்குள் நின்று மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார். முண்டு முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு மூட்டை கரி, ஒரு மூட்டை உப்பு, புதுக் குழாய்.

“வாடா. அந்தக் கரிய இப்படித் தள்ளு. இந்தத் தடவை எந்த இடி வந்தாலும் மண்ணுக்குள்ள போயிரும்.”

ரிஜேஷ் மூட்டையைத் தொடவில்லை.

“இக்கா, ஏறி வாங்க.”

“பாதிக் குழியிலயா?”

“உங்க எர்த்துல ஒண்ணும் தப்பில்ல. இடியும் விழல. நான்தான் அழிச்சேன். தப்பா ஒரு கட்டள அடிச்சுட்டேன்.”

மண்வெட்டி நின்றது.

“நேத்து கூட்டத்துல இருக்கும்போதே தெரியுமா?”

“தெரியும்.”

ஹம்ஸா அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் இருந்த புதுக் கொப்புளத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி வெட்டத் தொடங்கினார். “தோண்டியாச்சு. போட்டுட்டுப் போறேன்.”

கமிட்டியிடம் ரிஜேஷே சொன்னான். ஸுலைகா திட்டவில்லை. அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டாள். “நாப்பத்து மூணு வீட்டுலயும் நீதான் கேக்கணும், நீதான் எழுதணும்.”

கேட்டான். பேசவே மூச்சு வாங்கும் ஒரு பெண், “போன தடவையே இதெல்லாம் சொன்னேனே மோனே” என்றாள். அவனுடைய அப்பாவோடு ரப்பர் வெட்டிய ஒருவர், “சாருக்கு நம்ம வியாதி மறந்துபோச்சு” என்று சிரித்தார். “தொலச்சுட்டேன். தப்பு என்னோடது” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னான். பத்தாவது வீட்டிலாவது அது லேசாகும் என்று நினைத்தான், ஆகவில்லை.

கடைசி வீடு ஹம்ஸாவுடையது. அவருடைய வாப்பா இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். ரிஜேஷ் கட்டிலருகே உட்கார்ந்து போனைத் திறந்தான். மருந்தின் பெயர், அளவு, முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்றிய தேதி என்று ஒவ்வொன்றாக ஹம்ஸாவே சொன்னார். நடுவில் ஒருமுறை நிறுத்தினார்.

“எழுதிட்டீங்களா சாரே?”

ரிஜேஷின் விரல் நின்றுவிட்டது. ஊரே கூப்பிடும் சொல்தான். ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

நகல் இனி வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்று முடிவானது. பூட்டும் மின்சாரமும் ஒழுங்காக இருக்கும் இடம் ஊரில் ஒன்றுதான், கடைத்தெருவில் இருக்கும் ஹம்ஸாவின் மின்சாமான் கடை. ரிஜேஷ் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, “வச்சுக்கோங்க சாரே” என்று அலமாரியில் ஒரு தட்டை அவரே ஒழித்துக் கொடுத்தார்.

இப்போது ஞாயிறுதோறும் அங்கே போய், வாரத்து நகலை ஒரு காலிக் கணினியில் ஏற்றி, நாற்பத்து மூன்று பெயரும் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். ஹம்ஸா சாயா கொண்டுவந்து வைப்பார். “எல்லாம் இருக்கா சாரே?” என்பார்.

“இருக்கு இக்கா” என்பான். தலையைத் திரையிலிருந்து எடுக்க மாட்டான்.