வெள்ளிக்கிழமைப் பாட்டு இருந்த டிஸ்க்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பேனாவை எடுப்பேன், நடவுக்கு ஆள் வந்தாயிற்று என்று சாக்குச் சொல்லி வைத்துவிடுவேன். பத்தாவதோடு நின்ற படிப்பு என்பதும் ஒரு சாக்குதான். உண்மையில், என் மகள் படித்துவிடுவாளே என்ற பயம். அவள் படிக்கட்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீடு வலங்கைமான் பக்கம், குடமுருட்டி ஆற்றை ஒட்டி. தெரு அம்மன் கோயில் விளக்கு பூஜையில் என் மனைவி முன்னால் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மகள் காலேஜில் படித்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் அவள் அம்மா விளக்கேற்றிப் பாடியதைத் தன் லேப்டாப்பில் பதிந்து வைத்தாள். நடுவில் என் மனைவி பாட்டை நிறுத்தி, "ஏங்க, பால் பொங்குது பாருங்க, அடுப்பை அணைங்க" என்று என்னை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, விட்ட அடியிலிருந்து மறுபடி பிடிப்பாள். அதுவும் பதிந்திருந்தது.

மகள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனபோது லேப்டாப்பை இங்கேயே விட்டுப் போனாள். மனைவி காலமான பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் அதைச் சாமி மாடத்தின் கீழ் வைத்து, விளக்கேற்றி, பாட்டைப் போடுவேன். அதில் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஒரு ஆடி மாதம் அது கிளம்பவில்லை. உள்ளே டொக் டொக்கென்று சத்தம். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கும்பகோணம் பஸ் ஏறினேன்.

அங்கே கம்ப்யூட்டர் கடைக்காரர் கழற்றிப் பார்த்து, "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சுய்யா, புதுசு போடணும்" என்று இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்று பழையது மாதிரியே உள்ளே தட்டு சுற்றுவது. மற்றது எஸ்.எஸ்.டி. "இதுல சுத்துற சாமானே கிடையாது, ஆடினாலும் அசைஞ்சாலும் தாங்கும். வேகமாவும் இருக்கும். ஆனா அதே விலைக்கு இடம் கம்மி."

இரண்டையும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தேன். எஸ்.எஸ்.டி. பதர் மாதிரி லேசாக இருந்தது.

"என்னய்யா, விதைநெல்லு வாங்குற மாதிரி பாக்குறீங்க?"

"பாட்டு போட எது நல்லது தம்பி?"

"பாட்டுக்கு எது போட்டாலும் பாடும்."

இடம் பெரிதாக இருக்கிறதென்று, சுற்றுகிற வகையையே கேட்டேன். பாட்டு தாராளமாக இருக்கட்டும் என்ற நினைப்பு. மாட்டுவதற்கு முன் அவர் கேட்டார்: "பழசுல இருக்கிறது ஏதும் வேணுமா? எடுத்துக் குடுக்கிறவங்க இருக்காங்க. அனுப்பிப் பாக்கலாம், நாளாகும்."

"அதுல என்ன இருக்கும்?"

"முக்கியமான பேப்பரு, அது மாதிரி."

"பத்திரமெல்லாம் பீரோல இருக்கு. நீங்க மாட்டுங்க."

என் கணக்கில் டிஸ்க் என்பது போர்செட் மோட்டார் மாதிரி. மோட்டார் எரிந்தால் வேறு இறக்குவோம். தண்ணீர் பூமியில்தானே இருக்கிறது? பாட்டு லேப்டாப்பில் இருக்கிறது, டிஸ்க் அதை மேலே கொண்டுவருகிறது என்று நம்பினேன். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்ற அவசரம் வேறு.

பழைய டிஸ்க்கை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். சாயம் போன சாமி படம், காய்ந்த மாலை எதையும் நாங்கள் குப்பையில் போடமாட்டோம். கால் படக்கூடாதென்று ஆற்றில் விடுவோம். இதுவும் விளக்கின் முன்னால் இருந்த சாமான்தானே. பதினெட்டாம் பெருக்கன்று புதுத்தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. டிஸ்க்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாலையோடு சேர்த்து, அம்மனைக் கும்பிட்டு ஆற்றில் விட்டேன். மனசு நிறைவாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றி லேப்டாப்பைத் திறந்தேன். திரை வந்தது, பாட்டைக் காணோம். கடைக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பழைய டிஸ்க்கை எடுத்துக்கிட்டு வாங்கய்யா, பாத்துடலாம்."

"அதை ஆத்துல விட்டுட்டேன் தம்பி."

"ஆத்துலயா? பாட்டு அதுலதானேய்யா இருந்துச்சு!"

பங்குனியில் ஆறு வற்றியதும் மண்வெட்டியோடு போய்க் கிளறினேன். யாரோ விட்ட சாமி படங்களின் கண்ணாடிச் சில்லுதான் வந்தது.

மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, "அப்பா, தொட்டில் போடுறப்ப அம்மா பாட்டு ஓடணும், அனுப்புங்க" என்றாள்.

"லேப்டாப் ரிப்பேராயி எல்லாம் போயிடுச்சும்மா."

"சரி விடுங்கப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க."

நான் என்ன பண்ணினேன் என்று அன்றைக்கு வாய் திறந்து சொல்லவில்லை. கடையில் ஏதோ கெடுத்துவிட்டார்கள் என்றே அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதே பாட்டைக் கோயிலில் இப்போது வேறொரு பெண்மணி பாடுகிறார், நன்றாகவே பாடுகிறார். பால் பொங்குகிற இடம் வரும்போது நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். பாட்டு நிற்காமல் போய்விடுகிறது.

டிஸ்க் மாற்றப் போகிறவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காக இரங்கி, ஆற்றில் விட்டதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். கடைக்காரர் கேட்டார் என்பதையும் விடாதீர்கள். நடந்தது நடந்தபடியே கைமாறி, என் மகளுக்கும் அப்படியே போய்ச் சேரட்டும்.