இருநூற்றுப் பதினெட்டு கிராம்

ஒரு சின்னப் பெட்டியின் பின்மூடியிலுள்ள நான்கு திருகாணிகளையும் கழற்றி, உள்ளே ஒரு சின்ன நட்டைப் போட்டு மூடுகிறார் தராசுக்காரர். உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார். "இருநூத்திப் பதினெட்டு. இப்ப சரி." ஒரு நிறுவனம் புதிதாகக் கொண்டுவரப்போகும் கையடக்க விளையாட்டுக் கருவிக்கு எட்டு கிராம் கூடிவிட்டது என்று காலையில் செய்தி. அதனால் இவருடையதற்கும் கூடியாக வேண்டும்.

கருவி வர இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இவர் கையில் இருப்பது, இணையத்தில் கசிந்த அளவுகளை நம்பி அலுமினியத் தகட்டில் இவரே மடித்துச் செய்த பெட்டி. அழுத்தும் விசைகளுக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான்களை ஒட்டியிருக்கிறார். "பொறக்காத புள்ளைக்குப் பேர் வச்ச கதைதான். இவர் சட்டை ஒண்ணுலகூட மேல் பொத்தான் இல்ல" என்கிறார் மனைவி.

டயாலிசிஸ் அறையில் என் அண்ணனுக்கு அடுத்த படுக்கை இவருடையது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். தொழில், கடைத் தராசுகளைப் பழுதுபார்ப்பது. வாசலில் நோயாளிகள் ஏறி நிற்கும் எடை இயந்திரம் முந்நூறு கிராம் பொய் சொல்கிறது என்று முதல் நாளே கண்டுபிடித்து, சிஸ்டரிடம் திருப்புளி கேட்ட மனிதர். பேனா, மாத்திரை அட்டை, என் கைபேசி, எதைக் கொடுத்தாலும் தூக்கிப் பார்த்து எடை சொல்வார். என் அண்ணன் உள்ளே நுழையும்போதே, "நடையப் பாத்தா ஒன்றரைக் கிலோ தண்ணி கூட இருக்கும்போலயே" என்று, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததைச் சிஸ்டரிடம் போட்டுக் கொடுப்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதனால் அண்ணனுக்கு இவரைக் கண்டாலே ஆகாது.

முன்பு மோட்டார் சைக்கிளில் கடை கடையாகச் சுற்றியவர். மருத்துவர் வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது ஆட்டோ. "சும்மா உக்காந்து போறதுக்கு நான் என்ன மூட்டையா?" சுவரில் இருக்கும் டிவியும் வேண்டாம். "அதுல எவனோ ஓட்டறான். நான் ஓட்டணும் தம்பி." கார்ப் பந்தயம்தான் அவர் ஆசை. ஆனால் கடையில் கிடைக்கும் கருவிகளுக்கெல்லாம் இரண்டு கை வேண்டும். ஊசிகள் ஏறியிருந்த இடது கையை அசைக்கவே கூடாது. வரப்போகும் கருவியின் மூன்று மாதிரிகளில் சின்னதுக்கு மட்டும் விசைகள் எல்லாம் வலது ஓரத்தில். ஒரு கை போதும். அந்த நான்கு மணி நேரத்துக்கு அவர் கண்டுபிடித்த ஒரே வழி அதுதான். வலது கட்டைவிரல் ஏழு மாதமாகப் பயிற்சி எடுத்துவந்தது. வளைவுகளில் தலையும் லேசாகச் சாயும்.

நடுவில், ஊசி ஏற்றும் இடது கையின் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. அதற்குப் பதிலாக வலது கை இரத்தக்குழாயில் அறுவை செய்து, அது தேறும்வரை கழுத்துக் குழாய் வழியாகச் சுத்திகரித்தார்கள். "இப்பதான் ரெண்டு கையும் சும்மா இருக்கே, கடையில இருக்கறத வாங்கிக்கோங்களேன்" என்றார் மனைவி.

"நாளைக்குக் கல்யாணத்த வச்சிக்கிட்டு இன்னைக்கு வேற பொண்ணு பாக்கச் சொல்றியா?"

"போய்ப் பாருங்க. எவ வராளோ நானும் பாக்கறேன்."

சிரித்தார்கள். அடுத்து ஊசி எந்தக் கையில் ஏறும் என்பதை இருவருமே பேசவில்லை.

போன செவ்வாய்க்கிழமை வலது கையில் முதல் ஊசி. "சார், இனிமே இந்தக் கைய ஆட்டக் கூடாது" என்று சிஸ்டர் பிளாஸ்திரி ஒட்டினார். படுக்கையில் கிடந்த பெட்டியை மனைவி எடுத்து, பைக்குள் வைக்கப் போனார். தராசுக்காரர் இடது கையை நீட்டினார். வாங்கிப் பிடித்துப் பார்த்தார். பொத்தான்கள் எல்லாம் வலது ஓரத்தில் இருந்தன. விரல் எட்டவில்லை.

பிறகு என்னிடம், "தம்பி, தலைகீழாப் புடிச்சா படமும் திரும்பிக்குமான்னு ஏதாவது போட்டிருக்கானா பாருங்க" என்றார்.

கைபேசியில் தேடினேன். எங்கும் இல்லை. நான் தலையசைப்பதற்குள் அவர் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிவிட்டிருந்தார். மூன்று வருடமாக அந்தக் கட்டிலில் அசையாமல் கிடந்த இடது கட்டைவிரல், முதல் பொத்தானைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது.