கோடியக்கரையில் ஒரு ஏகாதசி

எங்கள் வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்பினால் பாதி மயிலாப்பூரும் கூடவே கிளம்பும். புளியோதரை, தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, தலையணை, விசிறி, ஒரே மாதிரியான இரண்டு கூஜாக்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் அப்பாவுக்கு டிகாக்ஷன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கல் லீவில் கோடியக்கரைக்குப் போனபோதும் இதில் ஒன்றும் குறையவில்லை.

போகச் சொன்னது சித்தப்பா. அவருக்குப் பறவைப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் அடையாறு முகத்துவாரத்தில் பைனாகுலரும் கையுமாக நிற்பார். அந்தச் சரணாலயத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகின்றன, ரோஜாப்பூ நிறம், ஆள் இடுப்புக்கு மேல் உயரம் என்று சொல்லிச் சொல்லியே அப்பாவைக் கரைத்துவிட்டார்.

பெரியம்மா பறவைக்காக வரவில்லை, வேதாரண்யத்து ஸ்வாமிக்காக வந்தாள். பெரியப்பா போனபிறகு எங்களோடு இருந்தவள். மடி, ஆசாரம் என்றால் அப்படி ஒரு மடி. வெளியே யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. தன் கையால் கிணற்றில் இழுத்த ஜலத்தை மூடி போட்ட சொம்பில் எடுத்துக்கொண்டுதான் வாசற்படி இறங்குவாள். அந்தச் சொம்பை நாங்கள் தொட்டால் வீடு இரண்டுபடும். ஏகாதசி வந்தால் முழுப்பட்டினி, தண்ணீரும் கிடையாது. அன்று அவள் எச்சிலையாவது விழுங்குவாளா என்று எனக்குச் சந்தேகம்.

காலையில் வேதாரண்யத்துச் சத்திரத்தில் பொட்டலத்தைப் பிரித்தோம். நான் மூன்று இட்லி தின்றேன். தானே வார்த்தது என்பதால் பெரியம்மாவும் என் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக நாலு சாப்பிட்டாள். பிறகு சத்திரத்துக் கிணற்றில் நீர் இறைத்துச் சொம்பை நிரப்பிக்கொண்டாள். வாடகை ஜீப் வந்தது. சாமான்களை ஏற்றியவர் சித்தப்பா.

காடு முடிந்ததும் ஒன்றுமே இல்லாத வெளி. மரமில்லை, புல்லில்லை, தரையெங்கும் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. பாடப்புத்தகத்துப் பாலைவனத்தைக் கடலோரமாகக் கொண்டுவந்து விரித்த மாதிரி இருந்தது. டிரைவர் ஓரமாகவே ஓட்டினார். சித்தப்பா "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவரை உள்ளே இழுத்தார். மேலே கெட்டியாகத் தெரிந்த தரை அப்பளம் மாதிரி உடைந்து, பின்சக்கரம் இரண்டும் சேற்றில் புதைந்தன.

"அளத்துல ஆளு இருக்கும் சார், கூட்டியாறேன். நீங்க நெழல விட்டு நவுராதீங்க" என்று சொல்லிவிட்டு டிரைவர் உப்பளத்தைப் பார்த்து நடந்தார்.

நிழல் என்றால் ஜீப்பின் நிழல்தான். சும்மா இருப்பதற்குச் சாப்பிடலாமே என்று அம்மா புளியோதரையைப் பிரித்தாள். இந்தப் புத்தி எங்கள் வம்சத்துக்கே சொந்தம். சுற்றிலும் உப்பு, உள்ளேயும் உப்பும் உறைப்பும். தம்பி முதலில் தண்ணீர் கேட்டான். அப்பா கூஜாவைத் திருகினார். டிகாக்ஷன் வாசனை கமகமவென்று வந்தது. தண்ணீர்க் கூஜா சத்திரத்துத் தூணடியில் உட்கார்ந்திருந்தது. அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கடலைப் பார்த்தார்.

வெயில் ஏறியது. தம்பி அழுது அழுது, அழவும் முடியாமல் அம்மா மடியில் துவண்டான். உதடு வெள்ளையாகிவிட்டது. டிரைவரைக் காணவில்லை.

பெரியம்மா சொம்பைத் திறந்தாள். தம்பியைத் தொட்டு இழுத்து, மூடியில் ஊற்றி அவன் வாயில் வைத்தாள். பிறகு எனக்கு, அம்மாவுக்கு, அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு. கொஞ்சம் விட்டு மறுபடியும் தம்பிக்கு.

"மன்னி, நீங்களும் ஒரு வாய் குடிங்கோ" என்றார் அப்பா.

"எனக்கு இன்னிக்கு ஏகாதசி. நீ கொழந்தேளைப் பாரு."

எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கோ பொறாமை. விரதம் இருந்தால் தாகமே எடுக்காதுபோலிருக்கிறது, நாமும் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவை எழும்பின. தண்ணீர் ஓரத்தில் கோடாகக் கிடந்த வெளுப்பு அப்படியே கிளம்பி, சிறகு விரித்ததும் வானத்தின் ஒரு பக்கமே சிவந்துபோனது. தம்பிகூடக் கண் திறந்து பார்த்தான். "ஈஸ்வரா" என்றாள் பெரியம்மா. நாக்கு ஒட்டிக்கொண்டு குரல் சரியாக வெளியே வரவில்லை.

டிரைவர் பலகையோடும் ஆட்களோடும் வந்து சேர்ந்தார். கூட வந்த பெண்மணி இடுப்பில் மண்குடம். "ஆத்தா, குடிங்க" என்று சொம்பில் ஊற்றினாள். எந்த ஊர் ஜலம், யார் எடுத்தது என்று பெரியம்மா கேட்கவில்லை. அண்ணாந்து குடித்தாள். கழுத்து, ரவிக்கை எல்லாம் நனைய, இரண்டாவது சொம்பும் குடித்தாள்.

"பெரியம்மா, ஏகாதசி" என்று கத்தினேன்.

"பகவான் கோச்சுக்கமாட்டார், போடி" என்று வாயைத் துடைத்துக்கொண்டாள்.

ஏகாதசியன்று தண்ணீர் குடித்த பெரியம்மா என்று வெகுகாலம் அவளைச் சீண்டினேன். கூடச் சேர்ந்து அவளும் சிரிப்பாள். கடைசிவரை வேறெதுவும் சொல்லவில்லை.

என் மகளோடு ஒரு கோடையில் ரயிலில் போகும்போது பாட்டிலில் கடைசி மடக்கு மிஞ்சியது. "நான் இப்பதான் குடிச்சேன், நீ குடி" என்றேன். சொன்ன வாய் மூடுமுன் சத்திரத்து இட்லி ஞாபகம் வந்தது. பெரியம்மா அப்போது உயிரோடு இல்லை. ஓடுகிற ரயிலில் எந்தத் திக்கென்று தெரியாமல் கைகூப்பினேன். ஏகாதசியன்று அவள் நாலு இட்லி சாப்பிடுவாளா என்று அந்த உப்பு வெளியில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.