பெரிய வீட்டு வாசலில் ஒரு குலவை

சித்தப்பா கல்யாணம் முடிந்து, கம்பத்திலிருந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏழெட்டு வயதிருக்கும். சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோமாக்ஸ் ஏற்ற மண்ணெண்ணெய் கிடைக்காது என்று ஊர்வலத்தைப் பகலிலேயே வைத்துவிட்டார்கள். எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. ராத்திரி என்றால் நான் தூங்கித் தொலைத்திருப்பேன்!

தேவாரத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் எங்கள் ஊர். எல்லையிலேயே நாயனமும் தவிலும் வந்து எங்களை எதிர்கொண்டன. கூண்டு வண்டிக்குள் சித்தப்பா, புதுச் சித்தி, நடுவில் நான். இறங்கச் சொல்லிப் பார்த்த எல்லோரும் தோற்றுப்போனார்கள். தவிலில் அடி விழ விழ நானும் உட்கார்ந்த இடத்திலேயே குதித்தேன். சித்தியின் வளையல் கையைப் பிடித்துக்கொண்டு, நான்தான் கல்யாணப் பெண் என்கிற மாதிரி வெளியே எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மேலத்தெருவில் பெரிய வீடு. ஊர் நிலத்தில் பாதிக்கு மேல் அந்த வீட்டு முதலாளிக்குச் சொந்தம். விளைச்சலில் பங்கு அளந்துவிட்டு நாங்கள் வாரத்துக்கு உழுததும் அவர் நிலம்தான். யார் வீட்டுக் கல்யாணமானாலும் அந்த வாசல் வந்ததும் மேளம் நின்றுவிட வேண்டும். மேளக்காரர்கள் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டும். தெருமுக்கு திரும்பின பிறகுதான் மறுபடி வாசிக்கலாம். நான் அதை விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். மேளம் நின்றதும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், முக்கு வந்ததும் விடுவேன். பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான்.

அன்றைக்கும் மேளம் நின்றது. நாயனக்காரர் துண்டை இடுப்பில் கட்டினார். நான் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தேன்.

“ஏன் நிப்பாட்டிட்டாக?” என்றாள் சித்தி.

சித்தப்பா காதோடு காதாக விஷயத்தைச் சொன்னார். கட்டினவளிடம் ஆசையாக எத்தனையோ சொல்ல வேண்டிய மனிதர், பாவம், இதைச் சொல்ல வேண்டி வந்தது. சித்தி வண்டியை நிறுத்தச் சொன்னாள். சித்தப்பா காதில் விழாதது மாதிரி மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்! பட்டுச்சேலையைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிற வண்டியிலிருந்து பொத்தென்று குதித்துவிட்டாள். நானும் பின்னாலேயே குதித்தேன். பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் போய்விட்டது.

“சத்தங்காட்டாமக் கொண்டு போறதுக்கு, என்னைய என்ன களவாண்டுக்கிட்டா வாரீக? மேளம் அடிச்சா வாரேன். இல்லாட்டி இங்கனயே நிக்கேன்.”

முன்னால் போய்க்கொண்டிருந்த பெரியப்பா ஓடிவந்தார். எங்கள் வீட்டுக்கு மூத்தவர். ஊரே அவர் குரலுக்கு அடங்கும். அவர் அந்தப் புதுப்பெண்ணுக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஆத்தா, வண்டியில ஏறு தாயி. பயிரு நட்டு நிக்குது. நாளைக்கே நெலத்த விட்டுட்டுப் போன்னு சொல்லிட்டாகன்னா, குடும்பத்தோட எங்கன போய் நிப்போம்?”

அதற்குள் முதலாளியே வாசலுக்கு வந்துவிட்டார். அவர் வந்து நின்றாலே போதுமே! நாயனக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சித்தி முதலாளியைப் பார்த்தாள், பெரியப்பாவின் கும்பிட்ட கையைப் பார்த்தாள்.

“சரி, மேளம் வேண்டாம்” என்றாள்.

அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். விட்ட மூச்சு முடியவில்லை, சித்தி வாயருகே கையை வைத்துக் குலவையிட்டாள்! தன் கல்யாணத்துக்குத் தானே குலவை போட்டுக்கொண்ட பெண்ணை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எங்கள் பக்கத்தில், கல்யாணப் பெண்ணுக்காகப் போடுகிற குலவை காதில் விழுந்தால், கேட்ட பெண்கள் பதில் குலவை போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் அவள் வாழ்வுக்கு ஆகாது என்பார்கள். என் அம்மா பெரியப்பாவைப் பார்த்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு குலவையிட்டாள். அப்புறம் பெரியம்மா, வண்டிக்குப் பின்னால் வந்த பெண்கள், ரெண்டு பக்கத்து வீட்டு வாசல்களில் நின்ற பெண்கள். தெரு பூராவும் குலவை! மேளத்துக்குத் தடை போட்ட ஆண்பிள்ளைகள் இதை நினைத்தே பார்க்கவில்லை போலிருக்கிறது. எனக்குக் குலவை போட வராது. அதனால் வெறுமனே கத்தினேன்.

அப்போதுதான் மாடியிலிருந்து ஒரு குலவை வந்தது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். பெரிய வீட்டு மாடி ஜன்னலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலாளியின் சம்சாரம்! அந்த அம்மாளைத் தெருவில் பார்த்தவர் கிடையாது. குரல் எப்படியிருக்கும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. யம்மாடி, என்ன குலவை அது! மற்றவர்கள் எல்லோருக்கும் மூச்சு முட்டி நின்ற பிறகும் அது மட்டும் தனியாகப் போய்க்கொண்டே இருந்தது. முதலாளி அண்ணாந்தவர் அப்படியே நின்றார்.

நாயனக்காரர் இடுப்புத் துண்டை அவிழ்த்தார். ஓர் உதறு உதறித் தோளில் போட்டார். நாயனத்தை வாயில் வைத்தார். அப்புறம் தவிலில் விழுந்தது பாருங்கள் ஓர் அடி! நான் ஆடினேன், சித்தப்பா சிரித்தார், பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார். சித்தி திரும்ப வண்டியில் ஏறவேயில்லை. வீடு வரைக்கும் மேளத்துக்கு முன்னால் நடந்தே வந்தாள்.

நிலம் போகவில்லை. தன் வீட்டு அம்மாளே குலவை போட்டு வாழ்த்தின பெண்ணின் குடும்பத்தை எப்படித் துரத்துவது? சம்சாரம் தன் பேச்சை மீறினாள் என்று ஊர் முன்னால் முதலாளியே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாதா? அதனால் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்த வாசலில் எந்த மேளமும் நிற்கவுமில்லை.

சில நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது, தச்சர்கள் ஏணி போட்டு ஏறி, மாடி ஜன்னலை மூடிப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு ஓடிவந்து, “சித்தி, சித்தி! இனிமே எம்புட்டு மேளம் அடிச்சாலும் அவுகளுக்குக் கேக்காது. ஜன்னல்ல பலகை அடிச்சுட்டாக!” என்று குதித்தேன்.

சித்தி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். அப்படியே சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஜெயித்தது நாம், இவள் எதற்கு அழுகிறாள் என்று அன்று பூராவும் அவளோடு நான் பேசவே இல்லை.